பதினாறு கலரில் பன்னிரண்டு பார்டர்

போன வாரம் நம்ம பழைய ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி போன் பண்ணினா. "மேடம், கஸ்டமர் வீட்டுல ஸ்கிரீன் அடிக்கடி கருப்பாயிடுது. டிஸ்ப்ளே டிரைவர் க்ராஷ் ஆகுது. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போட்டுடட்டுமா?"ன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. அந்தப் பொண்ணு மேல இல்ல, என் மேலயே. அதே கேள்வியை அதே அவசரத்தோட நானும் ஒருநாள் கேட்டவதான். அவளுக்குப் போன்ல பாதி சொன்னேன். மீதியை உங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதிடறேன். ரிடையர் ஆனவளுக்கு வேற என்ன வேலை, சொல்லுங்க.

அப்போ தொண்ணூறுகளோட கடைசி. தி.நகர்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில நான் இன்ஜினியர். சைதாப்பேட்டைப் பொண்ணு, ஒரு மொபெட், முதுகுல ஒரு பை. பைக்குள்ள ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்ட ஒரு பிரஷ், ஒரு ஃப்ளாப்பி பவுச். மயிலாப்பூர்ல பெல் அடிச்சா, கதவைத் திறக்கிற மாமா என்னைத் தாண்டி வாசலைப் பார்ப்பார். "இன்ஜினியர் வண்டியை நிறுத்திண்டிருக்காரா?"ம்பார். "நிறுத்தியாச்சு மாமா, நான்தான் அது"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிடுவேன். கோச்சுக்கிட்டு நிக்க நேரம் கிடையாது. ஒரு நாளைக்கு அஞ்சு வீடு பார்க்கணும்.

உங்களுக்கு இன்னிக்கு டிரைவர்ங்கிறது தானா இறங்கி தானா உட்கார்ற சமாசாரம். இதை உங்க வீட்டுக்காரங்களும் படிப்பாங்க, அவங்களுக்காக ஒரு வரி. திரையில படம் காட்டுறது டிஸ்ப்ளே கார்டுன்னு ஒரு அட்டை. அந்த அட்டைகிட்ட எப்படி வேலை வாங்கணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற சின்ன ப்ரோக்ராம்தான் டிரைவர். அட்டைக்கு ஒத்துவராத டிரைவரைப் போட்டா திரை நீலமாகும், அப்படியே உறைஞ்சு நிக்கும், சில நேரம் குறுக்கால கோடு கோடா இழுக்கும். அப்போ வீடுகள்ல இன்டர்நெட் ஏது? டிரைவரெல்லாம் ஃப்ளாப்பியில கைமாறும். டீக்கடையில நாலு கம்பெனி இன்ஜினியருங்க சேர்ந்தா, டீ குடிக்கிறது பாதி, ஃப்ளாப்பி மாத்திக்கிறது பாதி. கம்ப்யூட்டர் பத்திரிகையோட மாசாமாசம் ஒரு சிடி வேற இலவசமா வரும். அதுல புதுப்புது டிரைவரா கொட்டிக் கிடக்கும்.

எங்க பொழைப்பு ஓடினது கால் ஷீட்டுல. வீட்டுக்குப் போய் ரிப்பேர் பண்ணினதும் அந்தத் தாள்ல "சரியாகிவிட்டது"ன்னு கஸ்டமர் கையெழுத்து போடணும். சாயங்காலம் அஞ்சு கையெழுத்தோட ஆபீஸ் போனா அன்னிக்கு நீ கெட்டிக்காரி. கையெழுத்து வாங்கினப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் உயிரோட இருந்துச்சுன்னு எந்தத் தாள்லயும் எழுதறதில்ல. அதனால எங்க எல்லாருக்கும் ஒரு கெட்ட பழக்கம். அஞ்சு நிமிஷம் நல்லா ஓடிச்சுன்னா உடனே பேனாவை நீட்டிடுவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மந்தைவெளியில ஒரு வீடு. மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சந்து. வீட்டுல அம்மாவும் பொண்ணும். அம்மா மேரி, மந்தைவெளி மார்க்கெட்டுல மீன் விக்கிறவங்க. பொண்ணு ஸ்டெல்லா, இருபத்தஞ்சு வயசிருக்கும். ஆழ்வார்பேட்டையில ஒரு ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி பார்த்துக்கிட்டிருந்தவ. அங்கே கழிச்சுப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை வாங்கி வீட்டுல வெச்சு, பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் வரைய ஆரம்பிச்சுட்டா. கோபுரம், அன்னம், மாங்காய், ருத்ராட்சம்னு கட்டம் கட்டமா வரைஞ்சு வெச்சிருந்தா. பார்த்ததும் அசந்துட்டேன்.

"வெள்ளிக்கிழமை தி.நகர்ல ஒரு பட்டுக்கடை முதலாளி பார்க்கறேன்னிருக்கார் அக்கா. பன்னெண்டு டிசைன் கேட்டிருக்கார். பிடிச்சிருந்தா தீபாவளிக்கு மொத்த பார்டர் வேலையும் எனக்கு. இதை நம்பி வேலையைக்கூட விட்டுட்டேன். என் சீட்டுல வேற பொண்ணு உட்கார்ந்தாச்சு"ன்னா. கம்ப்யூட்டர் மட்டும் தினமும் ஒரு தடவை உறைஞ்சு போகுதாம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கினா போதும்க்கா."

கவனிச்சீங்களா? அவ கேட்டது தாங்கினா போதும்னு. நான் செஞ்சது வேற. அந்த மாசத்து பத்திரிகை சிடி என் பையில சூடா இருந்துச்சு. அவ கார்டுல ஒட்டியிருந்த பேரைப் பார்த்தேன், அதே பேர்ல சிடியில புது டிரைவர் இருந்துச்சு. தூக்கிப் போட்டேன். பழைய டிரைவரை ஒரு ஃப்ளாப்பியில எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் போடணும், அதுதான் முறை. அதுக்கு மூணு நிமிஷம் ஆகும். பழசு எதுக்கு, புதுசுதான் வந்துடுச்சேன்னு மேலயே போட்டுட்டேன்.

திரை பளிச்சுன்னு வந்துச்சு. முன்னே இருந்ததைவிட நுணுக்கம், லட்சக்கணக்கான கலர். ஸ்டெல்லா கையைத் தட்டினா. மேரியம்மா சுடச்சுட ரெண்டு துண்டு வஞ்சிரம் வறுத்து தட்டுல வெச்சு நீட்டினாங்க. வறுத்த மீன் கையில இருக்கும்போது எந்த இன்ஜினியர் இன்னும் இருபது நிமிஷம் டெஸ்ட் பண்ணுவா? இடது கையால தாளை நீட்டினேன், கையெழுத்து வாங்கினேன், விரலை நக்கிக்கிட்டே வண்டியை எடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸ்ல எனக்குச் சீட்டு வந்துச்சு. மந்தைவெளி, மறுபடியும் அதே வீடு, பழுது முன்னைவிட மோசம்.

மேரியம்மாதான் கதவைத் திறந்தாங்க. "வாம்மா. இன்னாத்த பண்ணி வெச்சுட்டுப் போன நீ? நேத்து பொழுதுசாயலேர்ந்து பொட்டி செத்துச் செத்துப் பொழைக்குது. பொண்ணு சோறு துன்னலை"ன்னாங்க.

ஸ்டெல்லா அழல. அழுதிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். கம்ப்யூட்டர் முன்னால கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஆன் பண்ணினா ரெண்டு நிமிஷம் ஓடுது, எதையாவது நகர்த்தினா திரை நீலமாயிடுது. புதன்கிழமை அப்படி விழுந்தப்ப திறந்திருந்த ஒரு டிசைன் கெட்டே போச்சு. மீன் செதில் மாதிரி அவளே யோசிச்சுப் போட்ட பார்டர். பன்னெண்டுல அது ஒண்ணு போச்சு, இன்னும் ரெண்டு பாதியில நிக்குது. நாளைக்குக் காலையில பத்தரைக்குள்ள முதலாளி முன்னால பேப்பர்ல இருக்கணும். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அந்த மனுஷன் ராகு காலத்துல புது டிசைன் எதையும் தொடமாட்டாராம். சாயங்காலமே காஞ்சிபுரம் போறவர், போகும்போது தறிக்காரங்களுக்கு டிசைனை எடுத்துட்டுப் போயிடுவாராம். இவளோடது இல்லன்னா வேற யாரோடதோ.

"என்னாச்சுக்கா?"ன்னு கேட்டா.

எனக்குத் தெரியும் என்னாச்சுன்னு. கேபினட்டைக் கழட்டி கார்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்த பேருக்குக் கீழே, சிப்புல பொடி எழுத்துல வேற நம்பர். அதே பேர்ல வந்த முந்தின மாடல். நான் போட்ட டிரைவர் அதுக்கானதே இல்ல. ஆனா வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "கார்டு போயிடுச்சு போலிருக்கு"ன்னு சொல்லுச்சு.

இப்பவும் நினைச்சா காது சுடுது. அந்த வயசுல நம்ம தொழில்ல கார்டு மேல பழி போடறது மூச்சு விடற மாதிரி. கார்டு எதிர்த்துப் பேசாதே.

கார்டை மறுபடி மாட்டிட்டு பவுச்சைக் கொட்டித் தேடினேன். பதினாலு ஃப்ளாப்பி. ஒண்ணுல "டிஸ்ப்ளே பழசு"ன்னு என் கையெழுத்துலயே எழுதியிருந்துச்சு. போட்டா படிக்க மாட்டேங்குது, கரகரன்னு சத்தம் மட்டும் வருது. "இதோ வரேன்"னு சொல்லிட்டு தெருமுனை பூத்துக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் அடிச்சுடும்மா. அடையாறுல ஒரு டாக்டர் வீட்டுல மூணு மணியிலேர்ந்து காத்துக்கிட்டிருக்காங்க"ன்னார்.

"சார், ஹார்டு டிஸ்க் ஃபுல்லா அந்தப் பொண்ணோட டிசைன் இருக்கு."

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கணும்ல? கால் ஷீட்டுக்குப் பின்னாடி அச்சடிச்சே இருக்கே. ஃபார்மட் அடி, கையெழுத்து வாங்கு, கிளம்பு."

"அடிச்சுடட்டுமா சார்?"ன்னு நானும் கேட்டேன். அதான் முதல்ல சொன்னேனே, அந்தப் பொண்ணு கேட்ட அதே கேள்வி. "எத்தனை தடவை சொல்றது"ன்னு வெச்சுட்டார்.

பேக்கப் எடுக்க வழியும் இல்ல. ஒவ்வொரு டிசைனும் ரெண்டு ஃப்ளாப்பிக்குக் கூட அடங்காது, கலருக்குள்ள கலர் இழையிற மாதிரி அவ்வளவு ஷேடு. துண்டு துண்டாப் பிரிச்சு ஏத்தலாம், ஆனா அதுக்கு முப்பது ஃப்ளாப்பி வேணும். அதுல ஒண்ணு பல்லை இளிச்சாலும் அந்த டிசைன் அவ்வளவுதான். பிரிண்ட் எடுக்கவே, நாளைக்குக் காலையில கேபினட்டை ஆட்டோவுல வெச்சு தி.நகர்ல ஒரு டிடிபி சென்டருக்குத் தூக்கிட்டுப் போறதா அவ ஏற்பாடு பண்ணியிருந்தா. சிரிக்காதீங்க, அப்போ எல்லாரும் அப்படித்தான் தூக்கிட்டுப் போவோம்.

பூத்துலேர்ந்து அந்த வீட்டுக்கு நூறு அடிதான் இருக்கும். அந்த நூறு அடியிலதான் எனக்கு முதல் தடவையா மண்டையில ஏறிச்சு. ஃபார்மட் அடிச்சா எனக்கு என்ன கிடைக்கும்? சரியான டிரைவர் என்கிட்ட இல்ல. எல்லாத்தையும் அழிச்சு முதல்லேர்ந்து போட்டாலும், அட்டை என்னன்னே தெரியாம, கம்ப்யூட்டர்லயே இருக்கிற பொது டிரைவர்ல, பதினாறே பதினாறு கலர்ல முழிக்கிற ஒரு கம்ப்யூட்டர்தான் மிஞ்சும். அதை ஒரு ஃபைலையும் அழிக்காம இப்பவே செய்யலாமே! அடிப்பாவி, மூணு வருஷமா நான் எத்தனை வீட்டுல யோசிக்காம அழிச்சிருக்கேன்!

வாசல்ல ஸ்டெல்லா செருப்பு மாட்டிக்கிட்டு நின்னா. கையில துணிப்பை. "நான் ரிச்சி தெருவுக்குப் போய் வேற கார்டு வாங்கிட்டு வந்துடறேன் அக்கா. எந்த கார்டுன்னு எழுதிக் கொடுங்க"ன்னா.

மணி நாலு ஆகப்போகுது. பஸ் புடிச்சுப் போய், கடை கடையா ஏறி, திரும்பி வர ஏழாயிடும். புது கார்டு வந்தா சரியாகவும் ஆகலாம், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கும் டிரைவர் போடப்போறது இதே கைதான். அதுக்குள்ள அவளோட சாயங்காலம் முழுக்கப் போயிடும், பாதி டிசைன் பாதியிலயே நிக்கும். எல்லாம் நான் சொன்ன ஒரு பொய்க்காக. எழுதிக் கொடுங்கன்னு பேனாவை நீட்டிக்கிட்டு நிக்கிறா.

"கார்டு நல்லாத்தான் இருக்கு. நான் செவ்வாய்க்கிழமை போட்ட டிரைவர்தான் தப்பு. பழசை எடுத்து வெக்காம அது மேலயே போட்டுட்டேன். இப்ப என்கிட்ட பழசு இல்ல. தப்பு என்னோடது ஸ்டெல்லா, கார்டோடது இல்ல"ன்னேன்.

உள்ளேர்ந்து மேரியம்மாதான் குரல் கொடுத்தாங்க. "அது தெரியும்மா. உள்ளார வரும்போதே உன் மூஞ்சி சொல்லிக்கினு வந்துச்சு."

ஸ்டெல்லா மெதுவா செருப்பைக் கழட்டினா. திட்டப் போறான்னு நினைச்சேன். திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். "சரி, இப்ப என்ன பண்ணலாம்? அதைச் சொல்லுங்க"ன்னா.

பொது டிரைவரைப் போட்டேன். கம்ப்யூட்டர் திரும்ப எழுந்துச்சு. எழுத்தெல்லாம் குண்டு குண்டா, கலரெல்லாம் ஏழெட்டு வயசுக் குழந்தை பூசின மாதிரி. ஆனா பத்து நிமிஷம் ஆச்சு, விழல. இருபது நிமிஷம் ஆச்சு, இந்தத் தடவை வாட்சைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன், விழல. அவ டிசைன் ஒண்ணைத் திறந்தா. ஷேடு போட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியா, அம்மை போட்ட மாதிரி தெரிஞ்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "இன்னிக்கு இவ்வளவுதான் என்னால முடியும். டிசைனாவது பத்திரமா இருக்கு"ன்னு சொன்னேன்.

ஸ்டெல்லா அந்தப் புள்ளியையே பார்த்துக்கிட்டிருந்தா. சும்மா சோதிச்சுப் பார்க்கிற மாதிரி, புள்ளி இருந்த ஒரு மாங்காயை ஒரே கலர்ல நிரப்பினா. அடர் சிவப்பு. பக்கத்துல இன்னொண்ணை நீலமும் பச்சையும் கலந்த ஒரு கலர்ல நிரப்பினா.

மேரியம்மா கையைத் துடைச்சுக்கிட்டே எட்டிப் பார்த்தாங்க. "இன்னாடி இது, அரக்கும் மயில்கழுத்தும்! இப்பதான் பொடவை மாதிரி கீது. முன்னாடி போட்டது காலண்டர் படம் மாதிரி இருந்துச்சு. உன் மனசு கோணக்கூடாதேன்னு சொல்லாம இருந்தேன்"னாங்க.

ஸ்டெல்லா வெடுக்குன்னு என் பக்கம் திரும்பினா. "அக்கா! போன மாசம் அந்த முதலாளிகிட்ட ரெண்டு டிசைன் காட்டினேன். 'படம் அழகா இருக்கும்மா, இதை எந்தத் தறியில நெய்யறது?'ன்னார். எனக்குப் புரியல, இன்னும் அழகா வேணுமாக்கும்னு இன்னும் ஷேடு போட்டேன். தறியில ஷேடு ஏது? ஒரு கட்டம்னா ஒரு நூல். ஒரு பார்டருக்கு மூணு நூல், நாலு நூல், ஜரிகை. அவ்வளவுதானே!"

எனக்குத் தறியும் தெரியாது, பட்டும் தெரியாது. ஆனா அவ கண்ணு எரிஞ்ச விதம் தெரிஞ்சுது. "அப்ப பதினாறு போதுமா?"ன்னு கேட்டேன்.

"பதினாறுல பத்து மிச்சம்"னா.

அப்புறம் நாங்க எழுந்திருக்கவே இல்ல. இவ ஒவ்வொரு டிசைனாத் திறந்து, ஷேடையெல்லாம் துடைச்சு, கட்டத்துக்கு ஒரு கலரா நிரப்பிக்கிட்டே போனா. மேரியம்மா பின்னால நின்னு கலர் சொன்னாங்க. "அதுக்கு வாடாமல்லி போடு. அய்ய, அந்தப் பச்சை வாணாம், கிளிப்பச்சை போடு." இருபது வருஷம் மார்க்கெட்டுல உட்கார்ந்து, போற வர்ற பொம்பளைங்க புடவையைப் பார்த்த கண்ணு. கெட்டுப்போன மீன் செதில் பார்டரை முக்கால் மணி நேரத்துல புதுசாவே போட்டா. முதல் தடவை மூணு நாள் ஆச்சாம்.

நடுவுல பூத்துக்குப் போய் மேனேஜர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஃபார்மட் அடிக்கல, தப்பு என்னோடது, அடையாறு வீட்டுக்கு வேற ஆளை அனுப்புங்கன்னு. "நாளைக்கு வரும்போது பேசிக்கலாம்"னு தணிஞ்ச குரல்ல சொன்னார். அந்தக் குரல்ல பேசினார்னா அன்னிக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. ஆனா எனக்கு அப்போ அதைப் பத்தி நினைக்க நேரமில்ல.

ஏன்னா திரும்பி வந்து சேமிச்ச ஃபைலைப் பார்த்தேன், குதிச்சுட்டேன். லட்சம் கலர் பதினாறாக் குறைஞ்சதுல ஃபைலும் ஆறுல ஒரு பங்கா சுருங்கிப் போச்சு. ஒரு ஃப்ளாப்பியில ரெண்டு டிசைன் தாராளமா உட்கார்ந்துடும். அப்போ கேபினட்டை ஆட்டோவுல தூக்க வேண்டியதில்ல. செத்துப் பொழைச்ச கம்ப்யூட்டரை நாளைக்குக் காலையில இன்னொரு தடவை எழுப்பவும் வேண்டியதில்ல.

லஸ் கடைத்தெருவுக்குப் போனா புது ஃப்ளாப்பி வாங்கலாம்தான். ஆனா புது டப்பாவுல பத்துக்கு ரெண்டு மக்கர் பண்ணும். என் பவுச்சுல இருக்கிறது தினமும் ஓடி ஓடி, கெட்டது கழிஞ்சு மிச்சம் நின்ன சரக்கு. அந்தக் கரகரத்ததை விட்டா பதிமூணு. மூணு வருஷமா டீக்கடை டீக்கடையா சேர்த்த டிரைவரெல்லாம் அதுலதான் இருந்துச்சு. ஒரு நிமிஷம் பவுச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் ஒண்ணொண்ணா உள்ளே தள்ளி அழிச்சேன். ஆறுல ஒரு செட்டு, ஆறுல இன்னொரு செட்டு. ஒரு செட்டு அவ துணிப்பையில, ஒரு செட்டு என் முதுகுப்பையில. கிளம்பும்போது ஏழரை. அன்னிக்கு யாரும் எனக்கு மீன் வறுத்துத் தரல, எனக்கும் கேட்கத் தோணல.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு ஸ்டெல்லாவை மொபெட்டுல பின்னால உட்கார வெச்சு, ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியா தி.நகர். டிடிபி சென்டர் ஒன்பதுக்குத் திறக்கணும். ஓனர் திறந்தார், ஆனா மெஷினைத் தொடல. வெள்ளிக்கிழமையாச்சே, கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் பூ வெச்சு, சாம்பிராணி காட்டி, ஒவ்வொரு சாமி படத்துக்கும் தனித்தனியா மணியடிச்சார். ஸ்டெல்லா என் கையைக் கிள்ளிக்கிட்டே நின்னா. ஒன்பது இருபதுக்கு முதல் ஃப்ளாப்பி உள்ளே போச்சு.

இங்க்ஜெட் பிரிண்டர், ஒரு தாளுக்கு மூணரை நிமிஷம். நாலாவது ஃப்ளாப்பியைப் போட்டதும் மெஷின் படிக்க முடியலன்னுடுச்சு. நான் முதுகுப்பையைத் திறந்து ரெண்டாவது செட்டுலேர்ந்து நாலாவதை எடுத்து நீட்டினேன். அது ஓடிச்சு. என் மூணு வருஷ சர்வீஸ்ல நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம் அந்த ரெண்டாவது செட்டுதான்னு அப்போ தோணுச்சு.

பன்னெண்டாவது தாள் ஈரம் காயறதுக்குள்ள எடுத்துக்கிட்டு ஓடினோம். பனகல் பார்க் பக்கம் ஒரே கூட்டம். நான் வண்டியை நடைபாதை மேலயே ஏத்திட்டேன், போலீஸ்காரர் விசிலடிச்சார், கண்டுக்கல. கடைக்குள்ள நுழையும்போது பத்து இருபது.

முதலாளி கல்லாவுல உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. கொடும்மா"ன்னார்.

முதல் தாளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மறுபடி பார்த்தார். ரெண்டாவது, மூணாவது. ஸ்டெல்லா துணிப்பையைக் கசக்கிக்கிட்டே நின்னா. மீன் செதில் வந்ததும் அதைத் தனியா எடுத்து, விரலால கட்டத்தை எண்ணினார்.

"போன தடவை கொண்டு வந்தது நீதானே?"ன்னு கேட்டார்.

"ஆமா சார்."

"அதெல்லாம் ஃப்ரேம் போட்டு மாட்டலாம். இதை நெய்யலாம்." பன்னெண்டுல எட்டை ஒரு பக்கமா அடுக்கினார். "இதை இன்னிக்கே காஞ்சிபுரம் எடுத்துட்டுப் போறேன். நீ திங்கட்கிழமை வந்து தீபாவளி வேலையை ஆரம்பிச்சுடு."

ஸ்டெல்லாவுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரல. தலையை மட்டும் ஆட்டினா, ஆட்டிக்கிட்டே இருந்தா. என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, புடவை அடுக்கைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் என்னாச்சுன்னு கேட்பீங்க. அடுத்த வாரமே, வேற கம்பெனி இன்ஜினியர் ஒருத்தர்கிட்ட அதே பழைய கார்டுக்கான டிரைவர் கிடைச்சு, ரெண்டு ஃப்ளாப்பியில நகல் எடுத்துக்கிட்டு, அப்புறம்தான் போட்டேன். அது நாலு வருஷம் ஓடிச்சு. மேனேஜர் என்னை வேலையை விட்டுத் தூக்கல. ரெண்டு நாள் முகம் கொடுக்காம இருந்தார், மூணாவது நாள் அதே அடையாறு டாக்டர் வீட்டுக்கு என்னையே அனுப்பினார். அதனால உங்களுக்கு நான் சொல்றது ரெண்டே விஷயம். பழசைப் பத்திரமா எடுத்து வெக்காம புதுசுல கை வெக்காதீங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி, அழிச்சா கைக்கு என்ன வரும்னு ஒரு நூறு அடி நடந்து யோசிங்க. எங்கேயும் பூத் இல்லன்னா வராண்டாவுலயாவது நடங்க.

ஆனா அன்னிக்குக் கடையில நடந்தது இன்னும் முடியல. முதலாளி தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டே, புடவை அடுக்குப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்ன என்னைப் பார்த்தார். "இவங்க யாரும்மா? அக்காவா?"ன்னு கேட்டார்.

ஸ்டெல்லாவுக்கு அப்பதான் குரல் திரும்பி வந்துச்சு. "இல்ல சார். இவங்கதான் என் கம்ப்யூட்டரைக் கெடுத்தவங்க"ன்னா. சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா, கடையை விட்டு வெளியே வர்ற வரைக்கும் விடல.